வாழைத் தோட்டம்: மகசூல் முடிவாகும் முதல் ஐந்து மாதம்

வாழை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தார் வெளியே எட்டிப் பார்த்த பிறகுதான் பரபரப்பாகிறார்கள். சீப்பை எண்ணுகிறார்கள், குறைவாகத் தெரிந்தால் அவசரமாகப் பொட்டாஷ் வாங்கி வைக்கிறார்கள், நுண்ணூட்டம் தெளிக்கிறார்கள். அந்த நேரத்தில் காயைப் பருக்க வைக்கலாம், நோயிலிருந்து காக்கலாம். சீப்பு ஒன்றைக்கூடக் கூட்ட முடியாது. தாரில் எத்தனை சீப்பு, சீப்புக்கு எத்தனை காய் என்பது அதற்கு இரண்டரை, மூன்று மாதம் முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. புதிதாக வாழைக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: நட்ட முதல் ஐந்து மாதம் செடி ஒரு நாளும் வாடக்கூடாது, பசியோடு நிற்கக்கூடாது. அதற்குப் பின் செய்யும் வேலையெல்லாம், அந்த ஐந்து மாதத்தில் சம்பாதித்ததைக் கெடாமல் கரை சேர்ப்பதற்குத்தான்.

வெளியே மரம் போலத் தெரிவது ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய இலை மட்டைகளின் அடுக்கு. செடியின் அசல் தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதன் உச்சியில் உள்ள வளர்முனை பல மாதம் இலையாகவே போட்டுக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் இலை போடுவதை நிறுத்திப் பூங்கொத்தாக மாறும். சந்தேகம் இருப்பவர்கள் ஐந்தாம் மாதத்தில் நல்ல மரம் ஒன்றைத் தியாகம் செய்து, அடியோடு எடுத்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில், கிழங்கின் தலைமாட்டில் வெள்ளையாக ஒரு சிறு கூம்பு தெரியும். அதுதான் தார். அதற்கு மேலே இன்னும் வெளிவராத இலைகள் ஏறக்குறைய 11 சுருண்டிருக்கும். வெப்பமான பருவத்தில் வாரத்துக்கு ஓர் இலை வீதம் அவை விரிந்து முடியவே ஏறக்குறைய 80 நாள் ஆகும். அதுவரை அந்தக் கூம்பு மட்டைகளுக்கு நடுவே மேலேறிக்கொண்டிருக்கும். நீங்கள் தாரைப் பார்க்கும்போது அதற்கு வயது ஏறக்குறைய மூன்று மாதம்.

ஆகவே செடியின் நடப்பு வேகத்தை அளக்க ஒரு வழி வேண்டும். உயரத்தை நம்ப வேண்டாம். நிழலில் நிற்கும் செடியும் உயரும். இலையை எண்ணுங்கள். மாதத்தின் முதல் நாள், கடைசியாக முழுதாக விரிந்த இலையின் காம்பில் பெயின்ட் வைத்து ஒரு கோடு போடுங்கள். அடுத்த மாதம் அதற்கு மேல் எத்தனை இலை வந்திருக்கிறது என்று பாருங்கள். நான்கு வந்தால் செடி சுகமாக இருக்கிறது. மூன்று என்றால் தண்ணீரையும் உரத்தையும் சரிபாருங்கள். வெயில் காலத்தில் இரண்டுதான் வந்திருக்கிறது என்றால் வேரைத் தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து செடியில் இதைச் செய்தால் போதும், மொத்தத் தோட்டத்தின் நிலைமையும் கைக்கு வந்துவிடும். குளிர் காலத்தில் எண்ணிக்கை தானாகவே குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 27 டிகிரி செல்சியஸ் வாக்கில் நன்றாக ஓடும் செடி, 15 டிகிரியை ஒட்டி வரும்போது ஏறக்குறைய நின்றுவிடும்.

கன்றுத் தேர்வில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பக்கக் கன்று என்றால் ஈட்டி போல ஒடுங்கிய இலையும், அடி பருத்த கிழங்கும் உள்ளதாக எடுக்க வேண்டும். சின்னக் கன்றிலேயே அகன்ற இலை விரிந்திருந்தால் அது நீர்க்கன்று. தாயோடு சரியான பிடிப்பு இல்லாமல், கிழங்கில் சேமிப்பும் இல்லாமல் வளர்ந்தது. பார்க்கச் செழிப்பாக இருக்கும், தார் சிறுக்கும். கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருக்கட்டும். எல்லாக் கன்றும் ஏறத்தாழ ஒரே எடையில் இருப்பது அதைவிட முக்கியம். ஒரு கிலோக் கன்றும் மூன்று கிலோக் கன்றும் கலந்து நட்டால் அறுவடை மூன்று மாதத்துக்கு இழுக்கும். தண்ணீர், உரம், ஆள் என்று எதையும் திட்டமிட முடியாது. கையில் வந்தது கலந்துதான் இருக்கிறது என்றால் எடைவாரியாகப் பிரித்து, தனித்தனி வரிசையில் நடுங்கள்.

எடுத்த கன்றை அப்படியே குழியில் வைப்பது நோயையும் சேர்த்து நடுவது போலத்தான். வேர் முழுவதையும் நீக்கி, கிழங்கின் மேல்தோலை வெள்ளை தெரியும் வரை சீவ வேண்டும். சீவும்போது கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்புழு. ஆழமாக, வளைந்து வளைந்து ஓடும் துளைகள் தெரிந்தால் கிழங்கைக் குடையும் கூன்வண்டின் புழு. லேசான புள்ளி என்றால் இன்னும் கொஞ்சம் சீவலாம். துளை உள்ளே போயிருந்தால் கன்றைத் தூக்கிப் போடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். சீவிய கிழங்கை 53 முதல் 55 டிகிரி சூட்டு நீரில் 20 நிமிடம் முக்கி வைத்தால் மிச்சமிருக்கும் நூற்புழுவும் சாகும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்: 50க்குக் கீழே போனால் புழு பிழைக்கும், 60ஐ நெருங்கினால் முளை வெந்துவிடும். வெப்பமானி இல்லாத இடத்தில், கொதிக்கும் நீரில் 30 விநாடி முக்கி எடுப்பது எளிய மாற்று. விநாடியை எண்ணி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சீவிய கன்றைப் பழைய தோட்டத்து ஓரத்தில் இரவு முழுக்கக் கிடத்தி வைத்தால் வண்டு மறுபடியும் வந்து முட்டையிடும். அன்றன்றே நட்டுவிடுவது நல்லது.

ஆய்வகத்தில் உருவாக்கும் திசு வளர்ப்புக் கன்றில் இந்தச் சிக்கல்கள் இல்லை. அறுவடையும் ஒரே சீராக வரும். நிழல்வலையில் பழக்கப்படுத்தி, ஐந்தாறு இலையோடு ஓர் அடி உயரத்துக்கு வந்ததை வாங்குங்கள். ஆனால் பிறழ்ந்த கன்றுகள் கொஞ்சமாவது இருக்கும்: குட்டையாகக் குந்தி நிற்பது, இலையில் வெளிறிய திட்டுகள் இருப்பது, இலை தடித்து ஒடுங்கியிருப்பது. இவை பின்னால் தேறுவதில்லை. இரண்டாம் மாதத்துக்குள் கண்டுபிடித்து மாற்று நட்டுவிடுங்கள். நூற்புழு இல்லாமல் வரும் கன்று என்பதால், நூற்புழு நிறைந்த மண்ணில் அதை நட்டால் கிடைத்த அனுகூலம் சில மாதத்தில் கரைந்துவிடும்.

குழி ஒன்றரை அடி கன சதுரம். 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 1,250 செடி நிற்கும். தோண்டியதும் மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, குழியைச் சில நாள் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு பத்துக் கிலோ மட்கிய தொழு உரமும் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். மட்காத சாணம் வேண்டாம். குழிக்குள் சூடேறி இளவேரைக் கருக்கும்.

உரக் கணக்கில் பலரும் யூரியாவை அள்ளிப் போட்டுப் பொட்டாஷில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். வாழைக்குத் தேவை நேர் எதிரானது. ஒரு டன் பழம் தோட்டத்தை விட்டு வெளியே போனால் அதோடு ஐந்து கிலோ பொட்டாசியம் போகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) இரண்டு கிலோ அளவுக்குத்தான். செடிக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 330 கிராம் சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்ற அளவு பரவலாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மூட்டைக் கணக்கில் இது செடிக்கு 240 கிராம் யூரியா, 220 கிராம் சூப்பர் பாஸ்பேட், 550 கிராம் பொட்டாஷ். திசு வளர்ப்புக் கன்று வேகமாக வளர்வதால் ஒன்றரை மடங்கு வேண்டும். சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் முதல் தவணையிலேயே கொடுத்துவிடலாம். மற்ற இரண்டையும் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மாதங்களில் பிரிப்பது வழக்கம். இதில் எங்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. சீப்பு எண்ணிக்கை ஐந்தாம் மாதம் வாக்கிலேயே முடிவாகிறது என்றால், மொத்த உரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது அதற்கு முன் செடிக்குள் போயிருக்க வேண்டும். ஆகவே முதல் தவணையை இரண்டாம் மாதத்துக்கும் அடுத்ததை நான்காம் மாதத்துக்கும் முன்னே இழுத்துவிடுகிறோம். சொட்டுநீர் இருந்தால் வாரம் ஒருமுறை சிறு அளவில் நீரோடு கொடுப்பதே எல்லாவற்றையும்விடச் சிறந்தது.

உரத்தைத் தண்டை ஒட்டிக் கொட்டாதீர்கள். உறிஞ்சும் வேர் நுனிகள் அங்கே இல்லை. ஒன்று, ஒன்றரை அடி தள்ளி வட்டமாகத் தூவி, லேசாகக் கொத்தி மூடி, உடனே நீர் பாய்ச்சுங்கள். ஆழமாகக் கொத்தினால் வேர் அறும். வாழை வேரில் பெரும்பகுதி மேல் ஓரடிக்குள்தான் ஓடுகிறது.

பசியை இலை காட்டிக்கொடுக்கும். பழைய இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி, சீக்கிரமே காய்ந்து, நடு நரம்பு மடங்கித் தொங்கினால் பொட்டாசியம் குறைவு. பழைய இலையின் ஓரம் பச்சையாக இருந்து, ஓரத்துக்கும் நடு நரம்புக்கும் இடையே மட்டும் வெளிறினால் மெக்னீசியம். பொட்டாஷை மட்டும் தொடர்ந்து கொட்டிய தோட்டத்தில் இது அடிக்கடி வரும். இளம் இலை ஒடுங்கி, வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் துத்தநாகம்.

நீருக்குக் கணக்கு நேரானது. சொட்டுநீரில் முதல் நான்கு மாதம் நாளொன்றுக்குச் செடிக்கு 15 லிட்டர், பிறகு தார் தள்ளும் வரை 20, அதன்பின் அறுவடைக்கு இரண்டு வாரம் முன்வரை 25. மழைக்கும் மண்ணுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாடிய வாழை இலை மற்ற பயிர் போலத் தொங்கிக் காட்டாது, இரு பாதியும் கூரை போல மடியும். காலை ஒன்பது மணிக்கே மடிந்திருந்தால் செடி முந்தைய நாளே தாகத்தில் இருந்திருக்கிறது. வறட்சியைவிட வேகமாகக் கொல்வது தேங்கும் நீர். இரண்டு நாள் வேர் மூழ்கிக் கிடந்தாலே அழுகல் தொடங்கும். வடிகால் வெட்ட முடியாத பள்ளத்தில் வாழை வைக்கவே வேண்டாம்.

பக்கக் கன்றுகளை மாதம் ஒருமுறை எடுக்க வேண்டும். மண்மட்டத்தில் அறுத்துவிட்டால் பத்து நாளில் மறுபடி முளைக்கும். வளர்முனையைச் சேர்த்துக் குடைந்து எடுத்தால்தான் நிற்கும். கண்டபடி கன்று விட்ட தோட்டத்தில் தாய்மரம் போட வேண்டிய சீப்பைக் கன்றுகள் தின்கின்றன. தாய் தார் தள்ளும் சமயத்தில் அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு ஈட்டிக் கன்றை விடுங்கள். எல்லா மரத்திலும் ஒரே திசையில் உள்ள கன்றாகத் தேர்ந்தெடுத்தால் வரிசை கலையாமல் மொத்தமாக ஓரடி நகரும்.

இனி தார் வந்த பிறகு. அப்போது மரத்தில் குறைந்தது எட்டு நல்ல இலை இருக்க வேண்டும். புதிய இலை இனி வராது, இருப்பதைக் கொண்டுதான் காய் பருக்க வேண்டும். பெண்பூச் சீப்பு முடிந்து, பிஞ்சாகாத பொய்ச்சீப்பும் விரிந்ததும், கடைசிச் சீப்புக்கு ஒரு சாண் கீழே ஆண்மொக்கை ஒடித்துவிடுங்கள். கத்தியால் வேண்டாம், கவட்டைக் குச்சியால் முறுக்கி ஒடிக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் 2001 முதல் பரவிய பாக்டீரியா வாடல் நோய், மொக்குக்கு வரும் பூச்சி மூலமும் கத்தி மூலமும் மரத்துக்கு மரம் தாவியது. குச்சியால் ஒடிப்பது அங்கே நோயைக் கட்டுப்படுத்தும் முதன்மையான வழிகளில் ஒன்று. ஏற்றுமதித் தரம் வேண்டுமானால் கீழ்ச்சீப்பு ஒன்றிரண்டையும் நீக்குவார்கள். அப்படி நீக்கும்போது கடைசிக் கணுவில் ஒரே ஒரு காயை மட்டும் விட்டுவைப்பது நுட்பமான வேலை: அந்தக் காய் சாற்றை இழுத்துக்கொண்டிருப்பதால் காம்பு அழுகல் மேலே ஏறுவதில்லை.

தாருக்கான உறையை மடல்கள் விரியும் முன்பே போட்டுவிட வேண்டும். இலைப்பேன் பிஞ்சைச் சுரண்டிவிட்ட பிறகு போடும் உறை அழுக்கை மூடத்தான் உதவும். துளையிட்ட நீலப் பாலித்தீனை முதல் சீப்புக்கு மேலே காம்பில் கட்டி, அடியைத் திறந்துவிடுங்கள். கட்டும் கயிறிலேயே வாரத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் தாரின் வயது தூரத்திலிருந்தே தெரியும். முட்டுக்கொடுப்பதும் அந்த வாரத்திலேயே முடியட்டும். இரண்டு கம்பைக் கத்தரி போல நிறுத்தி, தார் சாயும் பக்கமாகத் தண்டைத் தாங்கினால் போதும்.

புயல் எச்சரிக்கை வந்தால், தார் போடாத மரங்களின் இலையைப் பெருமளவு வெட்டிவிடுவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் மரத்தைச் சாய்ப்பது காற்றை வாங்கும் இலைப்பரப்புதான். 2006இல் லாரி புயல் ஆஸ்திரேலிய வாழையின் பெரும்பகுதியைப் படுக்க வைத்தது. 2011இல் யாசி வந்தபோது அங்கே சில தோட்டக்காரர்கள் முன்கூட்டியே இலையைக் கழித்தார்கள். அந்த மரங்கள் நின்றதால் மகசூலும் முன்னதாகத் திரும்பியது.

நோய்களில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறோம். சிகடோகா இலைப்புள்ளி முதலில் மெல்லிய கோடாக வரும். பின்பு பழுப்புத் திட்டாகி இலையே கருகும். காய்ந்த பகுதியை மட்டும் வெட்டி, பூஞ்சை வித்துகள் பறக்காதபடி கவிழ்த்துப் போட வேண்டும். இதில் வெளியே தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. இலை போன மரத்தின் காய் பச்சையாக வெட்டினாலும் உள்ளுக்குள் முதிர்ந்துவிடும், பெட்டியில் போகும்போதே பழுக்கும். ஒரு பெட்டியில் ஒரு காய் பழுத்தால் அது விடும் எத்திலீன் வாயு மற்ற காயையும் பழுக்கக் கிளப்பிவிடும். இலை குறைந்த மரத்துத் தாரைத் தூரத்துக்கு அனுப்பாதீர்கள்.

முடிக்கொத்து நோய்க்கு மருந்து கிடையாது. குருத்தில் இலைகள் ஒடுங்கி நிமிர்ந்து கொத்தாக நிற்கும். காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் விட்டுவிட்டுத் தெரியும். பரப்புவது சாறு உறிஞ்சும் பூச்சியான வாழை அசுவினி. கண்டதும் மரத்தை வெட்டிச் சாய்த்தால், அதில் இருக்கும் அசுவினி பக்கத்து மரத்துக்குக் குடியேறிவிடும். முதலில் அசுவினியைக் கொல்ல மருந்து அடியுங்கள், பிறகுதான் கன்றுகளோடும் கிழங்கோடும் தோண்டி அழியுங்கள். இந்த வரிசை மாறினால் நோயை நாமே விதைத்ததாகும்.

மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் ஃபுசேரியம் வாடல், அதாவது பனாமா வாடல், வாழை வரலாற்றையே மாற்றியது. உலக வணிகத்தை ஆண்ட குரோ மிஷேல் ரகத்தை 1960களுக்குள் ஒழித்து, அந்த இடத்துக்குக் காவண்டிஷ் ரகத்தைக் கொண்டுவந்தது. இப்போது காவண்டிஷையும் வீழ்த்தும் டிஆர்4 என்ற பூஞ்சை வகை ஆசியாவிலிருந்து பரவி, 2019இல் கொலம்பியாவில் உறுதிசெய்யப்பட்டது. அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடி வெடிக்கும். வெட்டினால் சாற்றுக் குழாய்கள் செம்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். வித்துகள் மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு இருக்கும். தோட்டத்துக்குள் வரும் காலணி, மண்வெட்டி, டிராக்டர் சக்கரம் எல்லாவற்றிலிருந்தும் மண்ணைச் சுரண்டிக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் முக்க வேண்டும். மண்ணோடு முக்கினால் மருந்தின் வீரியம் மண்ணிலேயே தீர்ந்துவிடும்.

கூன்வண்டுக்கு வெட்டிய தண்டையே பொறியாக்கலாம்: இரண்டடித் துண்டை நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பக்கம் மண்ணைப் பார்க்க மரத்தடியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டி வண்டைப் பொறுக்குங்கள். காய்ந்த துண்டில் வண்டு ஒதுங்காது, வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

அறுவடையில் கயிற்று நிறம் வயதைச் சொல்லும், காயின் பட்டை முதிர்ச்சியைச் சொல்லும். வெப்ப காலத்தில் காவண்டிஷ் 11 முதல் 13 வாரத்தில் வெட்டுக்கு வரும். விளிம்புகள் கூர்மையாக இருந்தால் பொறுங்கள்; சற்று மழுங்கியதும் தூரச் சந்தைக்கு வெட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் காய்க்குக் குறைந்தபட்சம் 14 செ.மீ. நீளம், 27 மி.மீ. தடிமன் வேண்டும். ஒருவர் தண்டின் நடுவே அரைகுறையாக வெட்டி மரத்தை மெல்ல வளைக்க, மற்றவர் பஞ்சு மெத்தை வைத்த தோளில் தாரை வாங்கிக்கொள்ள வேண்டும். தார் தரையைத் தொடவே கூடாது. பச்சைக் காயில் அடி தெரியாது. பழுத்ததும் கறுப்பாக எழும். சீப்பைச் சீவியதும் நீர்த்தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் பால் வடிந்து நிற்கும், கறை படியாது. சேமிப்பும் பயணமும் 13 முதல் 14 டிகிரியில். அதற்குக் கீழே போனால் தோலுக்கு அடியில் பழுப்புக் கீற்று விழுந்து, பழம் மஞ்சளுக்குப் பதில் சாம்பல் பூத்து நிற்கும்.

தார் வெட்டிய மரத்தை உடனே அடியோடு சாய்க்காதீர்கள். நான்கைந்து அடி உயரத்துக்குத் தண்டை விட்டால் அதிலுள்ள நீரும் சத்தும் சில வாரம் கன்றுக்கு இறங்கும். வதங்கிய பின் நறுக்கி அங்கேயே பரப்பலாம். விட்ட கன்றிலிருந்து எடுக்கும் மறுதாம்பில் ஒவ்வொரு கன்றும் தாயைவிடச் சற்று மேலே முளைப்பதால் கிழங்கு வருடத்துக்கு வருடம் மண்ணை விட்டு எழும்பும். மண் அணைக்காமல் விட்டால் தாரோடு வேரோடு சாயும். அப்படிச் சாயும் மரங்கள் கூடினால் வேரை எடுத்து நெடுக்காகக் கீறிப் பாருங்கள்; வெள்ளையாக இருக்க வேண்டிய வேரில் செம்பழுப்புத் தடங்கள் ஓடினால் துளைக்கும் நூற்புழு பெருகிவிட்டது, இனி உரம் போட்டுப் பயனில்லை. பழைய கிழங்கு முழுவதையும் எடுத்து, நெல் அல்லது சணப்பை வைத்து ஓராண்டாவது வாழை இல்லாமல் விட்டால், உண்ண வேரின்றி நூற்புழு குறையும். ஃபுசேரியம் இருந்த நிலத்தில் மட்டும் இந்த இடைவெளி போதாது. அங்கே எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தையோ வேறு பயிரையோதான் வைக்க வேண்டும்.